பழுது திரையில், காரணம் நினைவகத்தில்

கம்ப்யூட்டர் திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுந்தாலோ, மெனு வர வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் வந்தாலோ, ஒரு விண்டோவை இழுத்த தடம் அழியாமல் அப்படியே தங்கிவிட்டாலோ நமக்கு முதலில் மானிட்டர் கேபிள் மீதுதான் சந்தேகம் வரும். அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "கார்டு போயிடுச்சு சார்" என்பார்கள். லேப்டாப் என்றால், "போர்டுல பிரச்சினை, மாத்தணும்" என்பார்கள்.

அந்தத் தீர்ப்பு பல நேரம் சரியாகத்தான் இருக்கும். சரியாக இல்லாத நேரங்களும் கணிசமாக உண்டு. கார்டு நன்றாக இருக்கும், மானிட்டரும் நன்றாக இருக்கும், ரேமில்கூட ஒரு குறையும் இருக்காது. இயங்குதளத்தில் நினைவகம் தொடர்பான ஏதோ ஓர் அமைப்பை யாரோ எப்போதோ வேகம் கூடும் என்று நம்பி மாற்றி வைத்திருப்பார்கள். அந்த மாற்றம் உடனே தொல்லை தராது. கனமான வேலை வரும்வரை காத்திருந்து, பிறகு திரையில் வந்து நிற்கும். இந்த வகைப் பழுதுக்குப் பணம் செலவழிக்கவே தேவையில்லை. மாற்றியதைத் திரும்ப மாற்றினால் போதும். ஆனால் எதை மாற்றினோம் என்று தெரிய வேண்டும், அது ஏன் திரையைப் பாதிக்கிறது என்றும் புரிய வேண்டும்.

புரிந்துகொள்ள விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கதை ஒன்றைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

3 ஜிபி ஆசை

2005, 2006 வாக்கில் ரேம் விலை இறங்கத் தொடங்கியிருந்தது. கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்கள், கட்டட வரைபடம் போடுபவர்கள், அனிமேஷன் செய்பவர்கள் எல்லாம் தங்கள் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ரேம் போட்டுப் பார்த்தார்கள். போட்ட பிறகும் போட்டோஷாப்போ ஆட்டோகேடோ 2 ஜிபியைத் தொட்டதும் 'நினைவகம் போதவில்லை' என்று நின்றுவிடும். மீதி ரேம் சும்மா கிடக்கும்.

காரணம் ரேமில் இல்லை, முகவரியில் இருந்தது. 32 பிட் இயங்குதளத்தில் ஒரு மென்பொருள் நினைவகத்தின் எந்த இடத்தைத் தொட வேண்டுமானாலும் அதற்கு ஒரு முகவரி எண் வேண்டும். 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அதாவது 4 ஜிபி. ஒரு தெருவுக்கு இத்தனைதான் கதவு எண் என்று நகராட்சி முடிவு செய்துவிட்டால், அதற்கு மேல் வீடு கட்டினாலும் தபால்காரருக்குத் தெரியாது. இங்கும் அதே நிலைமைதான். விண்டோஸ் அந்த 4 ஜிபி முகவரியைச் சரிபாதியாகப் பிரித்தது: கீழ்ப் பாதி 2 ஜிபி மென்பொருளுக்கு, மேல் பாதி 2 ஜிபி இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு.

இந்தப் பங்கை மாற்ற ஒரு வழி இருந்தது. சி டிரைவில் மறைந்திருக்கும் 'பூட்.ஐஎன்ஐ' என்ற சின்ன எழுத்துக் கோப்பைத் திறந்து, விண்டோஸைத் தொடங்கும் வரியின் கடைசியில் '/3ஜிபி' என்று சேர்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அவ்வளவுதான். மென்பொருளுக்கு 3 ஜிபி, கெர்னலுக்கு 1 ஜிபி என்று பங்கு மாறிவிடும். விண்டோஸ் என்டி 4.0 காலத்தில், பெரிய டேட்டாபேஸ் சர்வர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த வசதி இது. சர்வர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரின் திரையை யாரும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சாதாரண கிராபிக்ஸ் சில்லு ஒன்று இருந்தாலே அதற்குப் போதும். அதே அமைப்பை வடிவமைப்பாளரின் மேசைக்குக் கொண்டுவந்தபோது சிக்கல் தொடங்கியது.

கெர்னலுக்கென்று ஒதுக்கிய இடத்தில் கெர்னல் மட்டும் குடியிருப்பதில்லை. எல்லா டிரைவர்களும் அங்கேதான் இருக்கின்றன. கோப்புகளின் கேஷ் அங்கே இருக்கிறது. விண்டோக்கள், மெனுக்கள், எழுத்துருக்கள் ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிக்கும் அங்கேதான் இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, கிராபிக்ஸ் கார்டில் உள்ள நினைவகத்தை இயங்குதளம் தொட வேண்டுமென்றால் அதற்கும் இந்த முகவரிகளிலிருந்துதான் பங்கு கொடுக்க வேண்டும். 256 எம்பி கார்டு ஒன்றை முழுமையாக இணைத்தால் 2 ஜிபியில் அது எட்டில் ஒரு பங்கு. கெர்னலின் பங்கை 1 ஜிபியாகக் குறைத்தால் அதே கார்டு நாலில் ஒரு பங்கைக் கேட்கிறது. விலை உயர்ந்த, நினைவகம் நிறைந்த கார்டு வாங்கியவருக்குத்தான் அதிகத் தொல்லை. நல்ல கார்டு வாங்கியும் ஏன் இப்படி ஆகிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொண்டது இதனால்தான்.

இடம் போதாதபோது என்ன ஆகும் என்பது டிரைவரைப் பொறுத்தது. சில கம்ப்யூட்டர்கள் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டன. சிலவற்றில் கிராபிக்ஸ் டிரைவர் ஏற முடியாமல், திரை பழைய விஜிஏ கோலத்தில் பெரிய பெரிய ஐகான்களோடு, வெளிறிய நிறங்களோடு வந்தது. வேறு சிலவற்றில் காலையில் எல்லாம் சரியாக இருக்கும், வேலை ஏற ஏற விண்டோக்கள் தங்களை மறுபடி வரைந்துகொள்ள முடியாமல் பாதிப் பாதியாக நிற்கும். இந்த மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்புவது. காலையில் நன்றாக வேலை செய்யும் கார்டு மதியத்தில் கெட்டுப்போகிறது என்றால் எல்லோருக்கும் தோன்றுவது 'சூடாகிறது' என்பதுதான். ஃபேன் மாற்றுவார்கள், பேஸ்ட் தடவுவார்கள். உண்மையில் தீர்ந்துபோனது கெர்னலிடம் இருந்த முகவரி. விண்டோஸ் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நினைவகப் பக்கங்களை இணைத்துக் காட்டும் 'சிஸ்டம் பேஜ் டேபிள் என்ட்ரி' என்ற பதிவுகளில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்பதைப் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் பார்க்கலாம். '/3ஜிபி' போட்டதும் அந்த எண் சடாரென்று விழும். வேலை ஏற ஏற இன்னும் இறங்கும்.

இதைச் சமாளிக்க மைக்ரோசாஃப்ட் நடுவழி ஒன்றையும் வைத்திருந்தது. '/3ஜிபி'க்குப் பக்கத்தில் '/யூசர்விஏ' என்று இன்னொரு சொல்லைச் சேர்த்து, மென்பொருளுக்கு 2 ஜிபிக்கும் 3 ஜிபிக்கும் இடையில் எவ்வளவு என்று நாமே எம்பி கணக்கில் எழுதலாம். 3072இலிருந்து எவ்வளவு குறைக்கிறோமோ அந்த இடம் அந்தப் பதிவுகளுக்குத் திரும்பப் போகும். எக்ஸ்சேஞ்ச் 2003 மின்னஞ்சல் சர்வருக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன எண் 3030. வெறும் 42 எம்பி திரும்பக் கொடுப்பதுதான், ஆனால் சர்வருக்கு அது போதுமானதாக இருந்தது. 2006இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் விளையாட்டில் மூழ்கியிருந்தவர்கள், பெரிய கார்டும் வேண்டும், மென்பொருளுக்குக் கூடுதல் இடமும் வேண்டும் என்று 2560 என்ற எண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். யாரும் சூத்திரம் கொடுத்து அந்த எண் வரவில்லை. கூட்டிக் குறைத்து, திரை எங்கே கலைகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். பழுது பார்க்கும் முறை என்றால் அதுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணைத் தொடுவது, என்ன ஆகிறது என்று பார்ப்பது, குறித்துக்கொள்வது.

அந்தக் காலத்தில் அனுபவசாலிகள் செய்த இன்னொரு காரியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் பூட்.ஐஎன்ஐயில் இருந்த வரியைத் திருத்தவே மாட்டார்கள். அதை அப்படியே நகலெடுத்து, நகலில் மட்டும் '/3ஜிபி' சேர்ப்பார்கள். கம்ப்யூட்டரைப் போடும்போது இரண்டு விண்டோஸ் வரிசையாகத் தெரியும். புதியது கறுப்புத் திரையில் நின்றால், அணைத்துவிட்டுப் பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். இருந்த ஒரே வரியைத் திருத்தியவர்கள் திரையே வராத கம்ப்யூட்டரில் எந்தக் கோப்பைத் திறப்பது என்று தெரியாமல், ஃபார்மட் வரை போனார்கள்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. கதை அதோடு முடியவில்லை. விஸ்டாவிலிருந்து பூட்.ஐஎன்ஐ போய், அந்த இடத்துக்குப் பிசிடிஎடிட் என்ற கட்டளை வந்தது. அதில் 'இன்கிரீஸ்யூசர்விஏ' என்ற பெயரில் இதே அமைப்பு 32 பிட் விண்டோஸ் 10 வரை தொடர்ந்தது. அச்சகங்களிலும் பில்லிங் கவுன்டர்களிலும் பழைய கம்ப்யூட்டர்கள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று திரையில் தொல்லை கொடுத்தால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பிசிடிஎடிட் என்று மட்டும் அடித்துப் பாருங்கள். வரும் பட்டியலில் இன்கிரீஸ்யூசர்விஏ என்ற வரி இருந்தால், முதல் சந்தேகத்துக்குரியவர் அவர்தான். 64 பிட் விண்டோஸுக்கு மாறியவர்களுக்கு இந்த அமைப்பு தேவையே இல்லை. பெரிய முகவரிகளைக் கையாளத் தெரிந்த 32 பிட் மென்பொருளுக்கு அங்கே முழு 4 ஜிபியும் தானாகவே கிடைத்துவிடும்.

கார்டு தின்ற ரேம்

இதே 4 ஜிபி எல்லைக்கு வேறொரு முகமும் உண்டு. ரேமுக்கு முகவரி வேண்டும் என்பதைப் போலவே, கார்டுகளுக்கும் நெட்வொர்க் சில்லுகளுக்கும் முகவரி வேண்டும். அவை 4 ஜிபிக்குக் கீழே உள்ள மேல்தளத்தை எடுத்துக்கொள்கின்றன. 32 பிட் விண்டோஸில் 4 ஜிபி ரேம் போட்டவருக்கு மூன்றேகால் ஜிபி போலத் தெரிந்தது இதனால்தான். விண்டோஸின் உள் இயக்கத்தை ஆழமாக எழுதிவந்த மார்க் ருசினோவிச் 2008இல் ஓர் உதாரணம் காட்டினார். தலா 1 ஜிபி நினைவகம் கொண்ட இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் பூட்டிய கம்ப்யூட்டர். ரேம் 4 ஜிபி. விண்டோஸுக்குக் கிடைத்தது 2.2 ஜிபி.

அதே கட்டுரையில் அவர் சொன்ன இன்னொரு தகவல் நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தும். கோட்பாட்டளவில் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேலும் ரேமைக் கையாள முடியும். சர்வர் பதிப்புகள் கையாண்டன. சாதாரணப் பயனாளருக்கான எக்ஸ்பியில் அதைச் சோதித்தபோது, பல கம்ப்யூட்டர்கள் முடங்கின. முக்கியமான காரணம் வீடியோ, ஆடியோ டிரைவர்கள். 4 ஜிபிக்கு மேல் முகவரி வரும் என்று அவற்றை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. அந்த டிரைவர்கள் வந்த எண்ணின் மேல்பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தை முகவரியாக எடுத்துக்கொண்டன. எங்கோ எழுத வேண்டியதை வேறெங்கோ எழுதின. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் அந்த வாசலை மூடியது. அந்தப் பூட்டை உடைக்கும் 'பேட்ச்'களை இணையத்தில் தேடி எடுத்துப் போட்டவர்கள், மூடிய காரணத்தை அறியாமல் திறந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் விண்டோஸ் 98. அதில் 512 எம்பிக்கு மேல் ரேம் போட்டால் 'நினைவகம் போதவில்லை' என்று செய்தி வரும். ரேமைக் கூட்டினால் போதவில்லை என்கிறதே என்று யாருக்கும் விளங்கவில்லை. விகேஷ் என்ற கோப்புக் கேஷ் ரேமுக்கு ஏற்ப முகவரிகளை அள்ளிக்கொண்டது. அதே பகுதியில்தான் ஏஜிபி கிராபிக்ஸ் கார்டுக்கான 'அபெர்ச்சர்' இடமும் இருந்தது. கேஷ் 800 எம்பி, கார்டு 128 எம்பி என்று எடுத்துக்கொண்டால் மற்றவற்றுக்கு மிச்சம் மிகக் குறைவு. சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் கேஷுக்கு 512 எம்பி என்று உச்சவரம்பு எழுதியதும் எல்லாம் சரியானது.

மெனு காணாமல் போவது

படம் கலைவது ஒருவகை. படத்தின் பாகங்களே வராமல் போவது இன்னொரு வகை. ரைட் கிளிக் செய்தால் மெனு வராது. சேவ் செய்யப்போனால் பெட்டி மட்டும் வரும், உள்ளே பட்டன் இருக்காது. புது விண்டோ திறக்க மறுக்கும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ரேம் பாதிக்கு மேல் சும்மா இருக்கும். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கோப்புகளைத் திறந்துவைத்து வேலை செய்யும் டிடிபி ஆபரேட்டர்களுக்கும், நாள்கணக்கில் அணைக்காமல் ஓடும் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கும் இது பழக்கமான தொல்லை.

விண்டோக்கள், மெனுக்கள், பட்டன்கள் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை விண்டோஸ் 'டெஸ்க்டாப் ஹீப்' என்ற தனிக் குவியலில் வைக்கிறது. எக்ஸ்பியில் திரைக்கான இந்தக் குவியலின் அளவு 3 எம்பி, அதாவது 3072 கேபி. 32 பிட் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கில் அது 12 எம்பியானது. 64 பிட்டில் 20 எம்பி. இத்துடன், ஒரு மென்பொருள் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய ஜிடிஐ பொருள்கள் பத்தாயிரம் என்று இன்னொரு வரம்பும் இருக்கிறது. பேனா, தூரிகை, எழுத்துரு, படம் என்று திரையில் வரையத் தேவையான ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில் வரும். சரியாக எழுதாத மென்பொருள் ஒன்று எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டே போனால், பத்தாயிரத்தைத் தொட்டதும் அதன் திரை கறுப்பும் வெள்ளையுமாகச் சிதறும். எத்தனை ஜிபி ரேம் போட்டாலும் இந்த எண் மாறாது.

குவியலின் அளவை ரெஜிஸ்ட்ரியில் 'ஷேர்டு செக்‌ஷன்' என்ற இடத்தில் கூட்ட முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே கை வைப்பது தவறு. முதலில் செய்ய வேண்டியது, டாஸ்க் மேனேஜரின் டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் என்ற பத்தியைச் சேர்த்துவிட்டு, எந்த மென்பொருளின் எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறது என்று ஒரு மணி நேரம் கவனிப்பது. திருடனைப் பிடித்துவிட்டால் பூட்டை மாற்ற வேண்டியதில்லை. அந்த மென்பொருளைப் புதுப்பித்தாலே போதும்.

இன்றைய லேப்டாப்பில்

நம்மிடம் இருக்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி, ரேமிலிருந்துதான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கும். மீதியைத் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளும், ரேமில் ஏறக்குறைய பாதி வரை. அதனால் ரேமைத் தொடும் எந்த அமைப்பும் திரையையும் தொடுகிறது.

இங்கே மூன்று அமைப்புகளைத்தான் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவேன். மூன்றும் 'லேப்டாப் வேகத்தைக் கூட்டும் ரகசியம்' என்ற பெயரில் சுற்றிவரும் வீடியோக்களில் தவறாமல் வருபவை.

ஒன்று, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவி. அதில் பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற பெட்டிக்குள் 'மேக்சிமம் மெமரி' என்று ஒரு டிக் இருக்கும். டிக் போட்டு உங்கள் ரேமின் முழு அளவைக் கொடுங்கள், விண்டோஸ் முழு ரேமையும் பயன்படுத்தும் என்று சொல்லித் தருகிறார்கள். இது முழுக்கத் தவறு. அந்த டிக் ரேமைக் கூட்டுவதற்கு அல்ல, குறைப்பதற்கு. குறைந்த ரேமில் மென்பொருள் எப்படி ஓடும் என்று சோதிப்பவர்களுக்காக வைத்தது. விண்டோஸ் வழக்கமாகவே இருக்கும் ரேம் அத்தனையையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சரியான அளவைத்தானே கொடுத்தேன், எப்படிக் குறையும் என்று கேட்கலாம். அந்த எண் ரேமின் அளவுக்கு அல்ல, முகவரிக்கு உச்சவரம்பு. உதாரணத்துக்கு 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில், 4 ஜிபிக்குக் கீழே ஒரு பகுதியைச் சாதனங்கள் எடுத்துக்கொள்வதால், அந்த இடத்து ரேம் 8 ஜிபி முகவரிக்கு மேலே தள்ளி வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் 8192 என்று கொடுத்ததும் அந்த மேல்பகுதி முழுவதும் வெட்டுப்பட்டுப் போகிறது. இருந்த ரேம் குறைகிறது, கிராபிக்ஸுக்கான பங்கும் சேர்ந்து குறைகிறது. பழைய 32 பிட் கதையில் கெர்னலுக்கு நேர்ந்தது இங்கே மொத்தக் கம்ப்யூட்டருக்கும் நேர்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தின் அடியில் 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று இருக்கும் எண் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருந்தால், இந்த டிக்கைப் போய்ப் பாருங்கள். எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் ரேம் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது, ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் பேஜ் ஃபைல். எஸ்எஸ்டி வந்த பிறகு, 'பேஜ் ஃபைலை நிறுத்திவிடுங்கள், எஸ்எஸ்டியின் ஆயுள் கூடும்' என்ற அறிவுரை பரவியது. விண்டோஸ் எந்த மென்பொருளுக்கும் நினைவகம் தருவதாக வாக்குக் கொடுக்கும்போது, ரேமையும் பேஜ் ஃபைலையும் கூட்டி, அந்தத் தொகைக்குள்தான் கொடுக்கும். பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் கொடுக்கக்கூடிய வாக்கு ரேமோடு நின்றுவிடுகிறது. கிராபிக்ஸ் நினைவகமும் இந்தக் கணக்குக்குள் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தனி கார்டாகவே இருந்தாலும், அதில் வைத்திருக்கும் படங்களை நெருக்கடி வந்தால் இறக்கி வைக்க இயங்குதளம் தன் பக்கத்தில் இடத்துக்கு உறுதி வைத்துக்கொள்கிறது. அந்த உறுதி கிடைக்காதபோது, கார்டில் பல ஜிபி காலியாக இருக்கும்போதே விளையாட்டு 'வீடியோ மெமரி தீர்ந்துவிட்டது' என்று சொல்லி நின்றுவிடும். சுவர்களின் நிறம் போய்ச் சாம்பல் பரப்பாகத் தெரியும். பிரவுசரில் ஒரு டேப் மட்டும் கறுப்பாகிவிடும். டாஸ்க் மேனேஜரில் 'கமிட்டட்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு எண்கள் சாய்கோட்டோடு இருக்கும். உதாரணத்துக்கு 15.2/15.8 என்று இருந்தால், வாக்குக் கொடுக்க 0.6 ஜிபிதான் மிச்சம் என்று பொருள். 'இன் யூஸ்' என்ற இடத்தில் 9 ஜிபி என்று காட்டலாம். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வர்ச்சுவல் மெமரி பெட்டிக்குப் போய், விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற முதல் டிக்கைத் திரும்பப் போடுவதுதான் மருந்து.

மூன்றாவது, பயாஸில் கிராபிக்ஸுக்கு நிரந்தரமாக ஒதுக்கும் அளவு. சில லேப்டாப்புகளில் இதைக் கூட்ட முடியும். 8 ஜிபி ரேமில் 4 ஜிபியைக் கிராபிக்ஸுக்கு எழுதிவைத்தால் விளையாட்டு பறக்கும் என்று நினைக்கிறார்கள். மீதி 4 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் மூச்சுத் திணறுகின்றன. திரை விட்டுவிட்டு நகர்கிறது. தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் வழி ஏற்கெனவே இருக்கும்போது, நிரந்தரமாகப் பூட்டிவைப்பதில் பெரும்பாலான வேலைகளுக்கு லாபமில்லை. பள்ளிகளில் பயன்படும் ராஸ்பெரி பை போன்ற சிறிய போர்டுகளில் இதன் நேர்எதிர் தவறு நடக்கும். அவற்றின் கட்டமைப்புக் கோப்பில் 'ஜிபியூ மெம்' என்ற எண்ணை ரேம் மிச்சமாகட்டும் என்று 16க்குக் குறைத்துவிட்டு, கேமரா வேலை செய்யவில்லை, வீடியோ வரவில்லை என்று போர்டைக் குறை சொல்வார்கள். அதைக் குறைந்தது 128 ஆக்கினால் பழைய கேமரா மென்பொருள் ஓடும்.

லினக்ஸில் கெர்னலுக்குக் கொடுக்கும் அளவுருக்களிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. இன்டெல் கிராபிக்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் ஐஓஎம்எம்யூ என்ற நினைவகக் காவல் அமைப்பை இயக்கிய பிறகு திரை நடுங்கினால், கிராபிக்ஸுக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுக்க 'ஐஜிஎஃப்எக்ஸ் ஆஃப்' என்று தனி அளவுருவே வைத்திருக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது

பழுது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க, காசு செலவில்லாத சோதனைகள் இருக்கின்றன. திரை கலைந்திருக்கும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் அதே கலைந்த கோலம் தெரிந்தால், கேபிளும் மானிட்டரும் நிரபராதிகள். படம் நினைவகத்தில் உருவாகும்போதே கெட்டுப்போயிருக்கிறது. போனில் சுத்தமாகத் தெரிந்தால் சந்தேகம் திரையின் பக்கம், அல்லது படத்தைத் திரைக்கு அனுப்பும் பாதையின் பக்கம் திரும்புகிறது. அடுத்து, கம்ப்யூட்டரைப் போட்டதும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய்ச் சில நிமிடம் இருங்கள். விண்டோஸே தொடங்காத அந்த இடத்திலும் கோடு விழுந்தால், இயங்குதளத்தின் அமைப்புகளைத் தேடிப் பயனில்லை. கடைக்காரர் சொல்வது சரிதான். அங்கே சுத்தமாக இருந்து விண்டோஸுக்குள் வந்த பிறகு கலைந்தால், சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். அங்கே விண்டோஸ் தன்னுடைய அடிப்படை டிரைவரை மட்டும் வைத்துத் திரையை ஓட்டும். அதில் சரியாக இருந்தால் பெரும்பாலும் டிரைவர் அல்லது அமைப்பு, இரண்டில் ஒன்று.

திரை ஒரு கணம் கறுத்துவிட்டுத் திரும்பி வருவது தனி அறிகுறி. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் ஒரு காவல் வைத்திருக்கிறது. கொடுத்த வேலையைக் கிராபிக்ஸ் இரண்டு விநாடிக்குள் முடிக்காமலும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தாமலும் இருந்தால், டிரைவரையே மீட்டமைத்துவிடும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகும். அந்த இரண்டு விநாடியை ரெஜிஸ்ட்ரியில் பத்து, அறுபது என்று நீட்டச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். டிரைவர் எழுதுபவர்கள் சோதனைக்காகப் பயன்படுத்தும் அமைப்பு அது. காவலைத் தூங்கவைத்தால் பழுது போகாது, திரை உறைந்து நிற்கும் நேரம்தான் கூடும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவரை நாமே மீட்டமைக்கலாம். கலைந்த திரை அதில் சரியாகிவிட்டால், கார்டு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. சேமிக்காத வேலையும் பெரும்பாலும் பிழைக்கும்.

ரேமே கெட்டிருக்கவும் கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓர் இரவு ஓடவிடுங்கள். அதில் பிழை வந்தால் அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், ரேமை மாற்றுங்கள்.

சர்வீஸ் கடைகளில் திறமைக்குக் குறைவில்லை. சென்னை ரிச்சி தெருவில் போர்டில் சில்லு மாற்றும் அளவுக்குக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வரிசையில் கம்ப்யூட்டர்கள் காத்திருக்கும் மேசையில், பழைய அமைப்பைத் தேடிப் பிடிப்பதைவிட ஃபார்மட் செய்வதோ பாகத்தை மாற்றுவதோ விரைவான வேலை. ஃபார்மட் செய்ததும் சரியாகிவிட்டால் பழுது என்னவென்று யாருக்குமே தெரியாமல் போகிறது. அதே வீடியோவை மறுபடி பார்த்து அதே டிக்கை மறுபடி போடும்போது அதே பழுது திரும்பி வருகிறது.

ஆகவே, வேகம் கூட்டும் குறிப்பு எதையாவது செய்து பார்ப்பதாக இருந்தால், மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தொல்லை வந்து கடைக்குப் போகும்போது, "இதையெல்லாம் மாத்தியிருக்கேன்" என்று அந்தப் படங்களைத் தயங்காமல் காட்டுங்கள். கார்டுக்கோ போர்டுக்கோ பணம் கொடுக்கச் சம்மதிப்பதற்கு முன், எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த டிக், வர்ச்சுவல் மெமரி, பயாஸில் கிராபிக்ஸ் ஒதுக்கீடு என்ற இந்த மூன்று இடங்களையும் உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான், கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.